மூன்று வி தட்டினால் ஊமையாகும் நிரல்: கட்டளை வரிக் கருவியில் பதிவுகளைச் சீர்செய்தல்

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கோப்புகளை யூனிக்கோடுக்கு மாற்ற, இலங்கையின் ஹட்டனில் இருந்தபடி 'மாற்றி' என்ற சிறு பைத்தன் கருவி ஒன்றை எழுதியிருக்கிறேன். பாடசாலை மலர்கள், கோயில் திருவிழா அறிவித்தல்கள், சங்கக் கூட்டக் குறிப்புகள் என்று எங்கள் பக்கத்தில் பாமினியில் தூங்கும் கோப்புகளுக்குக் குறைவில்லை. கருவியில் பொத்தானோ மெனுவோ கிடையாது. டெர்மினலைத் திறந்து கட்டளையைத் தட்ட வேண்டும். கட்டளையோடு '-வி' சேர்த்தால் கருவி தான் செய்வதைக் கூடுதலாகச் சொல்லும். வி கூடக் கூடப் பேச்சும் கூட வேண்டும்.

எழுத்து சரியாக மாறவில்லை என்று என்னை அழைத்தவர்கள் சிலரே. கருவி எதுவும் சொல்லாமல் கிடக்கிறது, அல்லது வாய் ஓயாமல் பேசுகிறது என்று அழைத்தவர்கள்தான் அதிகம். மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி ஒரே வாரத்தில் நான்கு தடவை அழைத்தான். அவனுக்குச் சொன்ன விடைகளை நோய்க்குறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் கருவி வேறு வேலை செய்வதாக இருந்தாலும் நோய் இவையாகத்தான் இருக்கும். கட்டளைகளையும் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

இந்தப் பேச்சைப் பதிவுகளாக எழுதுவது பைத்தனின் லொகிங் தொகுதி. அது 2003இல் வந்த 2.3ஆம் பதிப்பிலிருந்து மொழியோடு சேர்ந்தே வருகிறது. அதில் நிலைகள் ஐந்து: டிபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. செய்தியை வாங்குவது லொகர், அதைத் திரையிலோ கோப்பிலோ எழுதுவது ஹாண்ட்லர். லொகர்களுக்கெல்லாம் மேலே நிற்பது வேர் லொகர். யாரும் எதையும் மாற்றாவிட்டால் அது 30இல் நிற்கும். அதற்குக் கீழான செய்திகள் வெளியே வரமாட்டா. பெயரை மறந்தாலும் எண்ணை மறக்காதீர்கள். கீழே வரும் கோளாறுகளில் பலவும் எண்ணில் ஏற்படும் பிசகு.

'-வி' கொடுத்தும் திரையில் ஒன்றும் கூடுதலாக வரவில்லை

நிரலைத் திறப்பதற்கு முன், திரையில் ஏற்கனவே வந்திருக்கும் எச்சரிக்கை வரி ஒன்றை உற்றுப் பாருங்கள். அதன் முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்.

வரி வெறுமனே செய்தியை மட்டும் சொல்கிறதா? நேரமில்லை, நிலையில்லை, பெயரில்லை என்றால் எந்த ஹாண்ட்லரும் பொருத்தப்படவில்லை என்று பொருள். ஹாண்ட்லரே இல்லாதபோது பைத்தன் 3.2இலிருந்து கடைசிப் புகலாக ஒன்றை வைத்திருக்கிறது. அது வார்னிங்கும் அதற்கு மேலும் மட்டும், அலங்காரமில்லாமல் காட்டும். நீங்கள் எழுதிய அமைப்புச் சார்பு அழைக்கப்படவேயில்லை. மெயின் சார்பில் அதைக் கூப்பிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

வரி 'வார்னிங்:ரூட்:' என்று தொடங்குகிறதா? அப்படியானால் உங்களுக்கு முன்னால் வேறு யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். என் கருவியில் அந்த யாரோ நானேதான். எழுத்து அட்டவணையைப் படிக்கும் கோப்பின் தலையில், அட்டவணையில் ஒரு கிரந்த எழுத்து விடுபட்டிருந்தால் எச்சரிக்க ஒரு வரி எழுதியிருந்தேன். லொகர் எடுத்துப் பேசாமல், நேரே 'லொகிங்.வார்னிங்' என்று எழுதிவிட்டேன். அப்படி நேரே அழைத்தால், ஹாண்ட்லர் இல்லாத நிலையில் அது லொகிங்கை அமைக்கும் பேசிக்கொன்ஃபிக் சார்பைத் தானாகவே ஓடவிடும். அதற்குப் பிறகு மெயினில் நான் பக்குவமாக நிலையும் வடிவமும் கொடுத்து அழைத்த பேசிக்கொன்ஃபிக், வேரில் ஏற்கனவே ஹாண்ட்லர் இருப்பதைக் கண்டு சத்தமில்லாமல் திரும்பிவிட்டது. பிழைச் செய்தி இல்லை, முறைப்பாடு இல்லை. நான் ஒரு மாலை முழுவதையும் இதில் தொலைத்தேன்.

தீர்வு இரண்டு. பைத்தன் 3.8இலிருந்து பேசிக்கொன்ஃபிக்குக்கு 'ஃபோர்ஸ்' என்ற அளவுருவை உண்மை என்று கொடுத்தால், பழைய ஹாண்ட்லர்களைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் பொருத்தும். ஆனால் அது காய்ச்சலுக்குத் தலைவலி மாத்திரை. கோப்புகள் எல்லாவற்றிலும் 'லொகிங்.வார்னிங்', 'லொகிங்.இன்ஃபோ' என்று நேரே அழைக்கும் இடங்களைத் தேடி, 'கெட்லொகர்' மூலம் எடுத்த லொகருக்கு மாற்றுவதே சரியான வைத்தியம்.

வரி நீங்கள் கேட்ட வடிவத்திலேயே அழகாக வருகிறது, இன்ஃபோ மட்டும் வரவில்லையா? இப்போது சல்லடைகளைப் பாருங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் சலிப்பு அறையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேல் சல்லடையில் நின்றுபோனது கீழ்ச் சல்லடையை எட்டாது. லொகர் ஒரு சல்லடை, ஹாண்ட்லர் இன்னொன்று. ஹாண்ட்லரை 10க்கு இறக்கிவிட்டு லொகரை 30இல் விட்டால் ஒன்றும் கிடைக்காது. லொகரை இறக்கி ஹாண்ட்லரை 30இல் விட்டாலும் அதே கதை. லொகரிடம் 'கெட்எஃபெக்டிவ்லெவல்' என்று கேட்டு விடையைத் திரையில் அச்சிடுங்கள். 30 என்று வந்தால் குற்றவாளி மேல் சல்லடை.

மற்றக் கோப்புகளின் செய்திகள் வருகின்றன, மெயின் கோப்பின் செய்தி மட்டும் வரவில்லை என்பது இன்னொரு வகை. எல்லாரையும் போல நீங்களும் லொகருக்குப் பெயராக, இருபுறமும் இரட்டை அடிக்கோடு வைத்த 'நேம்' மாறியைக் கொடுத்திருப்பீர்கள். நேரே ஓடும் கோப்பில் அதன் மதிப்பு உங்கள் பொதியின் பெயரல்ல, அடிக்கோடுகளோடு கூடிய 'மெயின்'. '-எம்' போட்டு ஓடவிட்டாலும் அப்படித்தான். 'மாற்றி' லொகரின் நிலையை இறக்கினால் அதன் பிள்ளைகளுக்குத்தான் அது போகும். 'மெயின்' அந்தக் குடும்பத்தில் இல்லை. மெயின் கோப்பில் மட்டும் பெயரை வெளிப்படையாக 'மாற்றி' என்று எழுதிவிடுங்கள்.

இவை ஒன்றுமே பொருந்தாமல், லொகிங் தொகுதியில் கெட்லொகரே இல்லை என்று பைத்தன் அடம்பிடித்தால், உங்கள் கோப்புறையில் 'லொகிங்.பிவை' என்று ஒரு கோப்பு இருக்கும். பெயரை மாற்றுங்கள்.

'-வி' கொடுக்காதபோதுதான் நிரல் விழுகிறது

கட்டளை வரியைப் படிக்கும் ஆர்க்பார்ஸ் தொகுதியில் 'கவுண்ட்' செயலை வைத்து வி-க்களை எண்ணுகிறீர்கள். ஒரு வி-யும் கொடுக்காவிட்டால் எண்ணிக்கை 0 அல்ல, 'நன்' எனும் வெறுமை. வெறுமையைப் பத்தால் பெருக்கப் போனால் விழாமல் என்ன செய்யும்? இயல்பு மதிப்பாக 0 கொடுங்கள்.

ஒரு வி பேசுகிறது, இரண்டு வி நிறையப் பேசுகிறது, மூன்று வி ஊமையாகிவிடுகிறது

"அண்ணே, மூன்று வி போட்டேன். மூச்சுக்கூட விடவில்லை" என்றான் மஸ்கெலியாத் தம்பி. நான் முதலில் நம்பவில்லை. "நீ கட்டளையைப் பிழையாகத் தட்டியிருப்பாய்" என்றேன். அவன் பிழையாகத் தட்டவில்லை.

கணக்கு இப்படி எழுதியிருந்தேன்: 30இலிருந்து ஒவ்வொரு வி-க்கும் பத்தைக் கழி. ஒரு வி என்றால் 20, இரண்டு என்றால் 10, மூன்று என்றால் 0. 0 என்றால் எல்லாவற்றையும் காட்டும் என்று நினைத்தேன். வேர் லொகரில் அது உண்மை. மற்ற லொகர்களில் 0 என்பதற்குப் பொருள் 'எனக்கென்று நிலை இல்லை, பெற்றவரிடம் கேள்' என்பது. 'மாற்றி' தன் பெற்றவரான வேரிடம் கேட்டது. வேர் 30 என்றது. அவ்வளவுதான், அமைதி.

கழித்து வரும் விடை 10க்குக் கீழே போகாதபடி தடை வையுங்கள். மாக்ஸ் சார்பில் ஒரு வரி போதும். அதே இடத்தில் '-கியூ' என்ற அமைதிக் கட்டளைக்கும் கணக்கு எழுதிவிடலாம்: ஒரு கியூ 40 வரை ஏற்றும், பிழைகள் மட்டும் வரும். அதற்கு மேல் ஏற்ற நான் அனுமதிப்பதில்லை. பிழையையும் மறைக்கும் கருவி யாருக்கு வேண்டும்?

'-விவி' கொடுத்தால் என் செய்தி மற்றவர் செய்திகளில் மூழ்கிப்போகிறது

அட்டவணையின் புதிய பதிப்பை இணையத்திலிருந்து எடுக்க என் கருவி ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அதற்குள்ளிருக்கும் யூஆர்எல்லிப்3, டிபக் நிலையில் ஒவ்வொரு இணைப்பையும் அறிவிக்கும். வேர் லொகரை 10க்கு இறக்கியதன் விளைவு இது. வேரை 30இலேயே விட்டுவிட்டு 'மாற்றி' லொகரை மட்டும் இறக்குங்கள். ஹாண்ட்லர் வேரிலேயே இருக்கட்டும். பிள்ளை லொகரிலிருந்து மேலே ஏறிவரும் செய்தியை வேரின் நிலை தடுக்காது. ஹாண்ட்லரின் நிலை மட்டுமே கேட்கப்படும். இதைப் பலர் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். நூலகங்களின் பேச்சும் வேண்டும் என்பவருக்காக மூன்றாவது வி-யை ஒதுக்கி, அப்போது மட்டும் வேரையும் 10க்கு இறக்குங்கள்.

ஒரே வரி இரண்டு தடவை வருகிறது

எத்தனை தடவை என்று எண்ணுங்கள். அதில்தான் விடை இருக்கிறது.

எல்லா வரியும் சரியாக இரண்டு தடவை என்றால், 'மாற்றி'யிலும் வேரிலும் ஆளுக்கொரு ஹாண்ட்லர் இருக்கிறது. தோட்டத்தில் ஒரே ஆளின் பெயரை இரண்டு செக்ரோலில், அதாவது வருகைப் பதிவில், எழுதியது போல. ஒன்றைக் கழற்றுங்கள்.

முதல் கோப்புக்கு ஒரு தடவை, இரண்டாவது கோப்புக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று என்று ஏறிக்கொண்டு போனால், ஹாண்ட்லர் பொருத்தும் சார்பை ஒவ்வொரு கோப்புக்கும் அழைக்கிறீர்கள். கெட்லொகர் ஒரே பெயருக்கு எப்போதும் ஒரே லொகரைத்தான் தரும். புதிதென்று நினைத்து நீங்கள் மாட்டுவது பழையதன் மேல்தான் ஏறுகிறது. பண்டாரவளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "ஐம்பதாவது மலரில் ஒரு வரி ஐம்பது தடவை வருகிறதே, இது உங்கள் கருவியின் பொன்விழாவா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. பொருத்தும் வேலையை மெயினில் ஒரே தடவை செய்யுங்கள்.

செய்தியை மேலே உள்ள லொகருக்கு அனுப்பும் 'ப்ரொப்பகேட்'டைப் பொய் என்று மாற்றினாலும் முதல் வகை இரட்டிப்பு நின்றுவிடும். ஆனால் நிரலைச் சோதிக்கும் கருவியான பைடெஸ்டின் 'கேப்லொக்' வேரில் உட்கார்ந்துதான் செய்திகளைப் பிடிக்கிறது. ப்ரொப்பகேட் பொய்யானால் அதற்கு ஒன்றும் எட்டாது. சோதனைகள் காரணம் தெரியாமல் தோற்கும்.

மாற்றிய கோப்புக்குள் கருவியின் பேச்சும் கலந்துவிட்டது

செய்திகளை 'ப்ரிண்ட்' கொண்டு எழுதியிருக்கிறீர்கள். ப்ரிண்ட் நியம வெளியீட்டில் எழுதும். '>' குறி போட்டுக் கோப்புக்குத் திருப்பும்போது இரண்டும் ஒன்றாகப் போகும். மாற்றப்பட்ட தமிழ் உரை மட்டுமே நியம வெளியீட்டில் போக வேண்டும். பேச்செல்லாம் லொகர் வழியாகப் போகட்டும். ஸ்ட்ரீம் ஹாண்ட்லர் இயல்பாகவே நியமப் பிழை வழியில்தான் எழுதும். அதைத் தனிக் கோப்பில் பிடிக்க '2>' போதும்.

நிறக் குறிகள் கோப்பில் குப்பையாகத் தெரிந்தால், நிறம் பூசுவதற்கு முன் 'இஸ்ஏடிடிவை' கேட்டு, எதிரே உண்மையில் திரை இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

வரிகள் தாமதமாக, கூட்டமாக, வரிசை மாறி வருகின்றன

ஹட்டனிலிருந்து கொட்டகலைக்கு ரயிலில் போகும்போது சிங்கமலைச் சுரங்கத்துக்குள் தொலைபேசி செத்துவிடும். வெளியே வந்ததும் செய்திகள் எல்லாம் மொத்தமாக விழும். நியம வெளியீடும் கோப்புக்கோ '|' குழாய்க்கோ போகும்போது இப்படித்தான்: கொஞ்சம் சேர்ந்த பிறகே கொட்டும். பிழை வழி வரிக்கு வரி எழுதும். அதனால் 'முடிந்தது' என்ற செய்தி முந்தி வந்து, முடிந்த வேலை பிந்தி வருகிறது. ப்ரிண்டில், சேர்த்துவைக்காமல் உடனே கொட்டச் சொல்லும் 'ஃப்ளஷ்'ஷை உண்மையாக்குங்கள், அல்லது பைத்தனை '-யூ'வோடு ஓடவிடுங்கள்.

விண்டோஸில் மட்டும் பதிவுக் கோப்பில் தமிழ் விழுவதில்லை

தமிழில் பதிவெழுதுகிறவர்கள் எல்லாரும் ஒருநாள் இந்தக் கல்லில் இடறுவார்கள். இதிலும் இரண்டு முகங்கள்.

திரையில் தமிழ் ஒழுங்காக வருகிறது. ஃபைல் ஹாண்ட்லர் எழுதும் கோப்பில் வரியே இல்லை. இடையில் 'லொகிங் எரர்' என்று கோடுகளுக்கு நடுவே ஒரு தலைப்பும், அதன் கீழே யூனிக்கோட் குறியாக்கப் பிழை என்ற நீண்ட அழுகையும். நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். லொகிங் தன் பிழையால் உங்கள் வேலையை நிறுத்தாது என்பது நல்ல குணம்தான், ஆனால் பதிவு போய்விட்டது. காரணம், குறியாக்கம் என்னவென்று நீங்கள் சொல்லாதபோது பைத்தன் விண்டோஸின் பழைய குறியீட்டுப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. பல கணினிகளில் அது 1252. அதில் தமிழுக்கு ஓர் இடமும் இல்லை. ஃபைல் ஹாண்ட்லரை உருவாக்கும்போதே குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லுங்கள். பேசிக்கொன்ஃபிக்கிலும் அதைச் சொல்லலாம், ஆனால் 3.9 அல்லது அதற்குப் பிந்திய பைத்தன் வேண்டும்.

இன்னொரு முகம்: '2>' கொண்டு பிடித்த கோப்பில் பிழையே இல்லை, ஆனால் 'க' இருக்க வேண்டிய இடத்தில் பின்சாய்கோடும் ஒரு குறியீட்டு எண்ணும். நியமப் பிழை வழி எழுத முடியாத எழுத்தைக் குறியீடாக மாற்றி எழுதும், விழுந்துவிடாது. 'பைத்தன்யூடிஎஃப்8' என்ற சூழல் மாறியை 1 என்று வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 3.7இலிருந்து வேலை செய்யும்.

பாமினியை விட்டு வெளியேற எழுதிய கருவி தன் பதிவையே யூனிக்கோடில் எழுத முடியாமல் நின்ற நாளை நான் யாருக்கும் சொல்வதில்லை.

'-வி' இல்லாமலே கருவி மெதுவாக இருக்கிறது

பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் இருக்கும். யூனிக்கோடில் பின்னால் போக வேண்டும். 'கொ' என்றால் கொம்பு, 'க', அரவு என்ற மூன்றையும் சேர்த்து ஒழுங்குபடுத்த வேண்டும். ஒவ்வொரு கொம்பு நகர்வுக்கும் ஒரு டிபக் வரி எழுதியிருந்தேன், அதுவும் மதிப்பை உள்ளேயே பதித்து எழுதும் எஃப்-சரத்தில். டிபக் அணைந்திருந்தாலும் எஃப்-சரம் முதலில் கட்டப்பட்டு, பிறகுதான் தூக்கி எறியப்படும். செய்தியில் சதவீதக் குறியும் எஸ்ஸும் வைத்து, மதிப்பைத் தனி அளவுருவாகக் கொடுங்கள். காட்டப்படும்போது மட்டும் லொகிங் அதைக் கோக்கும். கொடுக்கும் மதிப்பைக் கணக்கிடவே நேரம் பிடிக்கும் என்றால் 'இஸ்எனேபிள்ட்ஃபோர்' கேட்டுவிட்டுக் கணக்கிடுங்கள்.

பிழை என்று வருகிறது, எங்கே என்று வரவில்லை

எக்செப்ட் பகுதிக்குள் 'எரர்' என்பதற்குப் பதில் 'எக்செப்ஷன்' என்று எழுதினால், பிழை எந்தெந்த வரி வழியாக வந்தது என்ற தடம் முழுவதும் வரும். ஆனால் கோயில் கணக்குப்பிள்ளைக்கு நாற்பது வரி தடத்தைக் காட்டிப் பயமுறுத்தத் தேவையில்லை. என் கருவியில் தடம் கோப்புக்கு எப்போதும் போகும், திரைக்கு '-வி' கொடுத்தால் மட்டும்.

பதிவுக் கோப்பு வளர்ந்துகொண்டே போகிறது

கோப்பு நிரம்பியதும் புதியதற்கு மாறும் சுழலும் ஹாண்ட்லர் போட்டும் சுழலவில்லையென்றால், எத்தனை பழைய கோப்புகளை வைத்திருப்பது என்று சொல்லும் 'பாக்கப்கவுண்ட்' 0 ஆக இருக்கும். அதுவோ 'மாக்ஸ்பைட்ஸ்'ஸோ 0 ஆனால் சுழற்சியே கிடையாது. இரண்டின் இயல்பு மதிப்பும் 0தான்.

நேரம் 5 மணி 30 நிமிடம் பிந்தியிருக்கிறது

கருவி ஓடும் சர்வர் கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது. நிரலில் நிலையாக 5:30 கூட்டிவிடாதீர்கள். இலங்கை நேரம் 1996இல் இரண்டு தடவை மாறி, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தது. பழைய கோப்புகளின் தேதியையும் பதிவில் எழுதினால் கணக்குப் பிசகும். 'ஆசியா/கொழும்பு' என்ற நேர வலயப் பெயரைக் கொடுத்தால் அந்த வரலாற்றை அது பார்த்துக்கொள்ளும்.

மின்சாரம் போன பிறகு பார்த்தால் கடைசி வரிகள் இல்லை

ஆடிக் காற்றில் கம்பியில் மரம் விழுவது எங்களுக்குப் புதிதல்ல. ஃபைல் ஹாண்ட்லர் ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் செய்கிறது. நிரல் மட்டும் விழுந்தால் வரிகள் தப்பிவிடும். மின்சாரமே போனால், இயங்குதளம் வட்டில் இறக்காமல் கையில் வைத்திருந்தவை போகும். ஒவ்வொரு வரிக்கும், உடனே வட்டில் இறக்கச் சொல்லும் 'எஃப்சிங்க்' செய்தால் கருவி நத்தையாகிவிடும். நான் ஒரு கோப்பு முழுதாக மாறி, வெளியீடு மூடப்பட்ட பிறகு 'முடிந்தது' என்று ஒரு வரி எழுதி, அப்போது மட்டும் வெளியீட்டுக்கும் பதிவுக்கும் எஃப்சிங்க் செய்கிறேன். மறுபடி ஓட்டும்போது கருவி அந்த வரிகளைப் படித்து, முடிந்தவற்றைத் தாண்டிப் போகும். மஸ்கெலியாத் தம்பியின் நான்காவது அழைப்பு அதைப் பற்றியதுதான். இருட்டிலிருந்து பேசினான், லைட் வந்ததும் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டான். "ஒன்றும் செய்யாதே, அதே கட்டளையை மறுபடி தட்டு, ஒற்றை வி-யோடு" என்றேன்.